மக்களவைக்கு 543ஆ 545ஆ? நெட்ல குடிமையியல் படிக்க வைக்கிற லட்சணம்

சாக்பீஸ்: நேத்து மூணாம்பெஞ்ச் தம்பி பெருமையா சொன்னாரே, குடிமையியலுக்கெல்லாம் டீச்சரே வேணாம், நெட்ல இருக்குற வினாடி வினா போதும்னு. அவர் குடுத்த லிங்க்கை திறந்து பேத்தியை உக்கார வச்சேன். அஞ்சாவது கேள்வி, மக்களவையில மொத்தம் எத்தனை உறுப்பினர்கள். புள்ள 543ன்னு தட்டுச்சு, தப்புன்னு செவப்பு குறி போட்டுட்டான். சரியான விடை 545ஆம்! நியமன ஆங்கிலோ இந்தியர் ரெண்டு பேரு சீட்டு 104வது திருத்தத்தோட, 2020 ஜனவரி 25லயே போயாச்சு, இவன் இன்னும் அவங்களுக்கு நாற்காலி போட்டு வச்சிருக்கான். 31 வருஷம் சமூக அறிவியல் எடுத்தவன் சொல்றேன், 543.

மூணாம்பெஞ்ச்: ஒரு கேள்வி பழசா இருந்தா தளமே குப்பையா சார்? மசோதா எப்படி சட்டமாகுது, கிராம சபைல யார் பேசலாம்னு படம் போட்டு அழகா வச்சிருக்கான், அதெல்லாம் உங்க கண்ணுல படாது. 31 வருஷத்துல உங்க போர்டுல ஒரு தப்பு கூட வந்ததில்லையா?

சாக்பீஸ்: நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. 543ஆ இல்லையா?

குரூப்2_போராளி: ரெண்டு பேருமே தப்பு. 552. மாநிலங்களுக்கு 530, யூனியன் பிரதேசத்துக்கு 20, நியமனம் 2. மூணு வருஷமா படிக்கிறேன், எல்லா மெட்டீரியல்லயும் இதான் இருக்கு.

சாக்பீஸ்: அதான் தம்பி மூணு வருஷமா படிச்சிட்டே இருக்கீங்க.

குரூப்2_போராளி: பெரியவர்னு பாக்குறேன். பர்சனலா போகாதீங்க.

எட்டாங்கிளாஸ்_அம்மா: சட்டப்பிரிவு 81ல இருக்கிறது 530ம் 20ம், 550 வரைக்கும் இருக்கலாம்னு அர்த்தம். இப்ப இருக்குற தொகுதி 543. இருக்கலாம்ங்கிறது வேற இருக்குதுங்கிறது வேற இல்லையாங்க? கேள்வியையே சரியா கேக்கலையே அவங்க.

குரூப்2_போராளி: 552.

சாக்பீஸ்: அம்மா, குழப்பாதீங்க. பரீட்சைல புள்ள ஒரு நம்பர்தான் எழுத முடியும், அது 543.

மூணாம்பெஞ்ச்: அப்ப நாலு எம்பி ராஜினாமா பண்ணா 539ன்னு எழுதணுமா சார் :)

சாக்பீஸ்: தொகுதி எங்கய்யா ராஜினாமா பண்ணும்? இந்த லட்சணத்துல டீச்சர் வேணாமாம்.

டாலர்_தேசம்: அமெரிக்கால சாண்ட்ரா டே ஓ'கானர், அங்க உச்ச நீதிமன்றத்தோட முதல் பெண் நீதிபதி, ரிட்டயர் ஆனப்புறம் 2009ல ஐசிவிக்ஸ்னு குடிமையியல் கத்துக்குடுக்குற கேம் தளம் ஆரம்பிச்சாங்க. என் பையன் அதுல கேம் ஆடி ஆடியே தேர்தல், கோர்ட், எல்லாம் கத்துக்கிட்டான். இங்க ஒரு நம்பருக்கு அடிச்சுக்கிறீங்க.

சாக்பீஸ்: சந்தோஷம். பையன் ஒயிட் ஹவுஸையே ஜெயிச்சிருப்பான், வார்டு கவுன்சிலர் பேரு கேட்டா முழிப்பான். அவங்க பிரதிநிதிகள் சபை 435, நம்மளது 543, அதே மூணு எண்தான் இடம் மாறி நிக்குது, அதையாவது சொல்லிக் குடுங்க.

டாலர்_தேசம்: நக்கல் மட்டும் குறைச்சல் இல்ல. கேம் மாதிரி ஒண்ணு நம்ம பாராளுமன்றத்துக்கு யாராச்சும் தமிழ்ல பண்ணுங்களேன்னு சொல்லத்தான் வந்தேன்.

சாக்பீஸ்: முதல்ல அது நாடாளுமன்றம்.

டாலர்_தேசம்: பாராளுமன்றம்னு எழுதினா என்ன குடியுரிமைய பறிச்சிருவீங்களா?

மூணாம்பெஞ்ச்: சார் ஃபார்முக்கு வந்துட்டாரு. போன மாசம் தமிழ்நாட்டு எம்எல்ஏவுக்கு ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டு மதிப்பு 208ன்னு அடிச்சு சொன்னது யாரு? அது உத்தரப் பிரதேசத்துக்கு. நமக்கு 176. அப்ப எந்த டீச்சர் சார் திருத்துனாரு? நான்தான், அதுவும் நெட்டை பாத்து.

சாக்பீஸ்: அது டைப்பிங் மிஸ்டேக்.

மூணாம்பெஞ்ச்: மூணு தடவையா?

எட்டாங்கிளாஸ்_அம்மா: புள்ளைங்களுக்கு எது நல்ல தளம்னு பாக்கத்தான் உள்ள வந்தேன். பேசாம நாடாளுமன்ற சேனல் சன்சத் டிவிய நேரடியா போட்டு காட்டிரலாமான்னு தோணுது.

குரூப்2_போராளி: காட்டுங்க, முதல் நாளே ஒத்திவைப்புன்னா என்னன்னு மனப்பாடம் ஆயிரும்.

மூணாம்பெஞ்ச்: எல்லாரும் கேளுங்க, தளத்துக்கு மெயில் போட்டேன், 545ஐ மாத்திட்டாங்க. டீச்சர் தப்பு பண்ணா இவ்ளோ சீக்கிரம் மாறுமா?

குரூப்2_போராளி: பாத்தேன். 552ன்னு மாத்தியிருக்கான். நான் அப்பவே சொன்னேன்.

சாக்பீஸ்: நாசமா போச்சு. 543, 543, 543. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், பேத்தி எழுந்திரிச்சதும் காட்டணும். அப்புறம் டாலர் தம்பி எங்கயும் போயிராதீங்க, அந்த நாடாளுமன்ற விஷயத்தை நான் இன்னும் முடிக்கல.