60 செ.மீ தொட்டி, மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, கப்பி வால் குறைகிறது. எந்த மீன் வைத்தால் பிழைக்கும்?

கேள்வி:
வணக்கம். தொட்டி 60×30×35 செ.மீ., பின்பக்கம் தொங்கும் ஃபில்டர், ஹீட்டர் 26 டிகிரியில். தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் ஓடவிட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன்: கப்பி 6, நியான் டெட்ரா 4, டைகர் பார்ப் 3, கோல்டு ஃபிஷ் 1, சக்கர் 1. இன்று 10-ம் நாள். நியான் நான்கும் போய்விட்டன, கப்பியில் இரண்டு. மிச்சக் கப்பிகளின் வால் நாளுக்கு நாள் குறைகிறது. காலையில் பார்த்தால் எல்லா மீனும் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சை நாலு நாளுக்கு ஒருமுறை குழாயில் கழுவிவிடுகிறேன். செத்தவற்றுக்குப் பதில் வேறு எந்த மீன் வாங்கலாம்?

பதில் 1:
இப்போதைக்கு ஒரு மீன்கூட வாங்க வேண்டாம். தண்ணீர் தெளிவாக இருந்தாலும், மீனுக்கு விஷமான அம்மோனியா அதில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (அமில-காரத்தன்மை), ஜிஎச் (தண்ணீரின் கடினத்தன்மை) ஐந்தையும் பார்த்துச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரையும் தனியாகப் பாருங்கள். ஃபில்டர் 24 மணி நேரமும் ஓடுகிறதா?

கேள்வி கேட்டவர்:
அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), நைட்ரைட் 0.5, நைட்ரேட் 5, பிஎச் 8.0, ஜிஎச் 15. குழாய்த் தண்ணீரில் அம்மோனியா 0, பிஎச் அதே 8.0. இரவில் சத்தமாக இருப்பதால் ஃபில்டரை நிறுத்திவிடுவேன்.

பதில் 1:
காரணம் தெரிந்துவிட்டது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில்தான் குடியேறும். அது நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்கள் கழுவிய குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொல்கிறது. இரவில் ஃபில்டர் நின்றால் மிச்சமும் ஆக்சிஜன் இல்லாமல் திணறுகிறது. காலையில் மீன்கள் மேலே வந்து நிற்பது இதனால்தான்.

உங்கள் பிஎச் 8 என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். அதே 1 பிபிஎம் அம்மோனியாவில் விஷமான பகுதி, பிஎச் 7-ஐவிட 8-ல் ஏறத்தாழ பத்து மடங்கு.

இன்று பாதித் தண்ணீர் மாற்றுங்கள், நாளை மறுபடி பாதி. குளோரின் நீக்கியைத் தொட்டியின் மொத்த அளவுக்குக் கணக்கிட்டு முதலில் ஊற்றிவிட்டு, பிறகு அதே வெப்பநிலையில் புதுத் தண்ணீர் விடுங்கள். நைட்ரைட்டின் விஷத்தைத் தணிக்க லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு. கரைத்து, இரண்டு தவணையாக. தண்ணீர் மாற்றும்போது வெளியே போன அளவுக்கு மட்டும் உப்பு சேர்க்க வேண்டும். அம்மோனியா குறையும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாக உணவு. ஸ்பாஞ்சை இனிக் குழாயில் காட்டாதீர்கள்: தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் பிடித்து, அதில் இரண்டு முறை பிழிந்தால் போதும், பழுப்பு நிறம் முழுக்கப் போக வேண்டியதில்லை. ஃபில்டர் சத்தம் போட்டால் தண்ணீர் மட்டத்தை 2 செ.மீ. உயர்த்திப் பாருங்கள், விழும் சத்தம் குறையும்.

பதில் 2:
வால் விஷயத்துக்கு வருகிறேன். விளிம்பு வெள்ளையாகி நூல் நூலாகப் பிரிந்தால் அழுகல். கத்தரியால் வெட்டியதுபோல் சுத்தமாகத் துண்டு போயிருந்தால் கடி. டைகர் பார்ப் எட்டு, பத்து என்று இருந்தால் தங்களுக்குள் துரத்திக்கொள்ளும். மூன்றே மூன்று இருந்தால் நீள வால் உள்ளவற்றைக் கடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
கடிதான், அரைவட்டமாகத் துண்டு போயிருக்கிறது. பார்ப்களின் எண்ணிக்கையை எட்டாக்கினால் சரியாகுமா? கோல்டு ஃபிஷ், சக்கர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? சக்கர் கழிவைத் தின்று சுத்தம் செய்யும் என்றார்கள்.

பதில் 2:
எட்டு பார்ப் வைத்தால் அந்தத் தொட்டி பார்ப்களுக்கு மட்டும்தான். கப்பி வேண்டும் என்றால் மூன்றையும் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

மீன் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று ஒன்று கிடையாது. சக்கர் பாசியைச் சுரண்டும், ஆனால் கழிவும் நிறையப் போடும், 30 செ.மீ.க்கு மேல் வளரும். உங்கள் தொட்டியின் அகலமே 30 செ.மீ.தான், அதனால் திரும்பக்கூட முடியாது. கோல்டு ஃபிஷ் குளிர்ச்சி விரும்புவது, 20 டிகிரி அதற்குச் சுகம். 26-ல் வைத்தால் அதற்குத் தொல்லை, 20-ல் வைத்தால் கப்பிக்குத் தொல்லை. இரண்டுக்கும் வேறு பெரிய இடம் பாருங்கள். குளத்திலோ ஆற்றிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். சக்கர் பெருகிய நீர்நிலைகளில் உள்ளூர் மீன்கள் படும் பாடு கொஞ்சமல்ல.

பதில் 3:
மீன் தேர்வுக்கு உங்கள் குழாய்த் தண்ணீரே பாதி பதில். தொட்டியின் கொள்ளளவு கணக்குக்கு 63 லிட்டர் வந்தாலும் மணல், மேல் இடைவெளி போக 50 லிட்டர்தான் இருக்கும். ஜிஎச் 15, பிஎச் 8 என்பது கப்பி, பிளாட்டி, மோலி குடும்பத்துக்குப் பொருத்தமான தண்ணீர். நியான் மென்மையான, சற்றே அமிலத் தண்ணீர் மீன். புதுத் தொட்டியில் அதுதான் முதலில் போகும். பிஎச் குறைக்கும் மருந்து வாங்காதீர்கள், கடினத் தண்ணீரில் பிஎச் இறங்கி மறுநாளே ஏறும், அந்த ஏற்ற இறக்கம் 8-ஐவிடக் கெடுதல்.

கப்பியில் ஆண் மட்டும் 6 வையுங்கள். இருக்கும் நான்கில் பெண் உண்டா? உண்டென்றால் ஆணைப் பிரித்தாலும் பயனில்லை. விந்தைச் சேமித்து வைத்து மாதக்கணக்கில், ஏறத்தாழ நாலு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும். அடிமட்டத்துக்கு வெண்கலக் கோரிடோரஸ் (தரையில் மேயும் சிறு மீன்) 6. கூர்மையான ஜல்லி இருந்தால் அதன் மீசை தேயும், மெல்லிய மணலாக மாற்றுங்கள். மொத்த ஜல்லியையும் ஒரே நாளில் அள்ளாமல் வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்காக. ஹீட்டரை 25-ல் வையுங்கள்.

பதில் 1:
கோரிடோரஸுக்கு உப்பு ஆகாது. தண்ணீர் மாற்றி மாற்றி உப்பு வெளியேறிய பிறகே விடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து ஒரு வாரம் 0 காட்டட்டும். பிறகு கப்பியை ஆறாக்குங்கள், இரண்டு வாரம் விட்டு கோரிடோரஸ். ஒவ்வொரு முறை மீன் சேர்த்த மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அம்மோனியா பாருங்கள், 0.25 தெரிந்தாலே கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
பாதித் தண்ணீர் மாற்றியாயிற்று, இப்போது அம்மோனியா 0.5. ஃபில்டர் இரவிலும் ஓடும். நான்கு கப்பியில் இரண்டு பெண், அவற்றையும் பார்ப்களோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நாளை மாற்றிவிட்டு எண்களை எழுதுகிறேன்.