ஆலங்காயம் குடும்பக் குழு: தை அமாவாசையும் காவலூர்ப் பயணமும்

கயல்விழி, மாலை 6:12
அனைவருக்கும் வணக்கம். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் 2026 ஜனவரி 17, 18, 19 ஆகிய மூன்று இரவுகள் எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதாக இன்று காலை தகவல் வந்தது. பேராசிரியர் அந்த வாரம் வெளியூரில் இருப்பதால், நானும் இளைய மாணவி ஒருத்தியும்தான் போகிறோம். 15ஆம் தேதி இரவு பெங்களூரிலிருந்து வாணியம்பாடி வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில் மலையேற வேண்டும். பெட்டிகளுடன் காவலூர் வரை போக ஒரு வண்டி தேவைப்படுகிறது. யாரால் முடியும் என்று சொல்லுங்கள்.

நவீன், 6:14
அக்கா, நானும் வருகிறேன்.

ரேவதி அத்தை, 6:15
18ஆம் தேதி தை அமாவாசை.

அம்மா, 6:15
அதைத்தான் நானும் நாட்காட்டியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ரேவதி.

ரேவதி அத்தை, 6:20
அம்மா போன பிறகு வருகிற முதல் தை அமாவாசை. இந்த வருடம் நம் வீட்டில் பொங்கல்கூட வைக்கப் போவதில்லை. படையல் ஒன்றுதான் இருக்கிறது. அதற்காகவே நாங்கள் சென்னையிலிருந்து வருகிறோம். அம்மா கடைசி வரை மடியில் வைத்து வளர்த்த பேத்தி அன்றைக்கு இல்லை என்றால் எனக்கு மனம் ஆறாது. கயல், தேதியை ஒரு வாரம் தள்ளிக் கேட்டுப் பார்.

குமரன் சித்தப்பா, 6:22
வண்டி என் பொறுப்பு.

கயல்விழி, 6:41
அத்தை, நீங்கள் சொல்வது எனக்கும் வலிக்கிறது. ஆனால் இந்தத் தேதியை நான் தள்ள முடியாத காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொலைநோக்கியில் ஓர் இரவு வேண்டுமென்றால், எந்த விண்மீனை எதற்காகப் பார்க்கிறோம், எத்தனை மணி நேரம் தேவை என்று பல மாதங்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு குழு எல்லா விண்ணப்பங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து இரவுகளைப் பங்கிடுகிறது. நான் விட்டுக்கொடுத்தால் அந்த இரவு வேறொருவருக்குப் போய்விடும். எனக்கு மறு வாரம் கிடைக்காது.

அமாவாசையை ஒட்டி அமைந்ததும் தற்செயலன்று. நான் பார்க்கப்போகும் விண்மீன்கள் மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கும் வான்பகுதியில், சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் இருப்பவை. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலானவை. நிலா இருந்தால் வானத்தின் வெளிச்சம் அவற்றின் ஒளியோடு கலந்துவிடும். அவை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் இளம் விண்மீன்கள். சுற்றியுள்ள தட்டிலிருந்து வாயு அவற்றின் மீது விழுந்துகொண்டே இருக்கிறது. அப்போது, விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்தால் தெரியும் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு, அதாவது 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் வருவது, இரவுக்கு இரவு வலுவாகவும் மெலிந்தும் மாறும். அந்த மாற்றத்தை அளப்பதுதான் என் ஆய்வு என்பதால் அடுத்தடுத்த இரவுகள் எனக்குக் கட்டாயம் வேண்டும். நடு இரவைத் தவறவிட்டால் மற்ற இரண்டுக்கும் பொருளே இல்லாமல் போகும். ஜனவரி நடுவில் அந்தப் பகுதி இரவு பத்து மணி சுமாருக்கு உச்சிக்கு வருகிறது. மார்ச் தாண்டினால் மேற்கே சாய்ந்துவிடும்.

ரேவதி அத்தை, 6:44
லடாக்கில் இருக்கிற தொலைநோக்கியைப் பெங்களூரிலிருந்தே இயக்கினாய் என்று போன வருடம் அண்ணா பெருமையாகச் சொன்னாரே. இதையும் வீட்டிலிருந்தே செய்யக் கூடாதா?

கயல்விழி, 6:52
அது ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி, அத்தை. 4,500 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் இடத்தில் இருப்பதால், பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழியே அதை இயக்குகிறார்கள். காவலூரில் நாங்கள் நேரில் இருந்துதான் வேலை செய்யப்போகிறோம்.

அப்பா, 6:55
ரேவதி, அவளுடைய வேலையை அவள் செய்யட்டும். வங்கித் தேர்வு எழுதச் சொன்ன காலத்துப் பேச்சை மறுபடியும் தொடங்க வேண்டாம்.

ரேவதி அத்தை, 6:56
நான் அதைப் பற்றிப் பேசவே இல்லை, அண்ணா.

தாத்தா, 7:10
இக்குழுவில் உள்ள அனைவரும் பொறுமையாக எழுதுவீர்களாக. கயல் போகும் இடம் நமக்கு அந்நியமான இடமன்று. ஜவ்வாது மலையில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் வடபாதி வானத்தையும் தென்பாதி வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம் என்பது அவர் கண்ட சிறப்பு. 1960களின் இறுதியில் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு தொலைநோக்கியோடுதான் அங்கே பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பதற்கான ஒளிக்குறைவை அந்தத் தொலைநோக்கியும் பதிவு செய்தது. நம் மலையிலிருந்து நடந்த காரியம் அது. வகுப்பில் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

இப்போது கயல் பயன்படுத்தப்போகும் பெரிய தொலைநோக்கியைக் காண பாப்புவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் 1982இல் மறைந்தார். 1986 ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து அதைத் திறந்து, பாப்புவின் பெயரையே சூட்டினார். அன்று உங்கள் பாட்டி ஆலங்காயம் சாலையோரத்தில் என்னுடன் நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா, 7:13
அத்தை இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள், மாமா.

நவீன், 7:15
அக்கா, அந்தத் தொலைநோக்கியில் நானும் ஒருமுறை கண்ணை வைத்துப் பார்க்கலாமா?

கயல்விழி, 7:21
நவீன், அதில் யாரும் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. கண்ணாடி திரட்டும் ஒளி நேராக, அதை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானிக்குப் போகும்; திரவ நைட்ரஜனால் குளிரூட்டப்பட்ட உணரி அதைப் பதிவு செய்யும்; நாங்கள் கட்டுப்பாட்டு அறையில் கணினித் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இரவில் வெளியாட்களுக்கு அங்கே இடமில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் பொதுமக்களைப் பிற்பகலில் உள்ளே விடுகிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் மாலையில் ஒரு சிறிய தொலைநோக்கியின் வழியே காட்டுவார்கள். 17ஆம் தேதி சனிக்கிழமைதான், ஆனால் அன்று காணும் பொங்கல். விடுமுறையில் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் எல்லோரும் வந்தாலும் என்னால் கூட வந்து சுற்றிக்காட்ட முடியாது. அதற்காக யாரும் வருந்தக் கூடாது.

குமரன் சித்தப்பா, 7:23
அண்ணி, எத்தனை பேர் என்று சொல்லுங்கள். பெரிய வண்டி எடுக்கிறேன்.

அம்மா, 7:30
முதலில் படையலைப் பேசி முடிப்போம், தம்பி. கயல், ஞாயிறு காலை வேலை முடிந்ததும் கீழே வந்து, படையல் முடித்து, சாயங்காலம் திரும்பிப் போக முடியாதா?

கயல்விழி, 7:48
அம்மா, நானும் அதைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடியற்காலை வரை பதிவு நடக்கும். பிறகு தரவுகளை இரண்டு வட்டுகளில் நகலெடுத்து, இரவுக் குறிப்பேட்டை எழுதி முடித்துப் படுக்க ஏழு மணியாகிவிடும். மறுபடியும் பிற்பகல் மூன்று மணிக்கு மேலே இருக்க வேண்டும். ஒளி படாமல் எடுக்கும் வெற்றுப் பதிவுகள், சீரான ஒளியில் எடுக்கும் சீரொளிப் பதிவுகள், அலைநீளத்தை அளந்துகொள்ள விளக்கின் நிறமாலை ஆகியவற்றைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். அவை இல்லாவிட்டால் இரவில் எடுக்கும் எந்தப் பதிவையும் நம்ப முடியாது. வெளிக்காற்றின் வெப்பநிலைக்குத் தொலைநோக்கியை மூடியிருக்கும் குவிமாடம் வந்து சேரும்படி அதையும் நேரத்தோடு திறந்தாக வேண்டும். உள்ளே தங்கிய சூடு மேலெழுந்தால் விண்மீனின் ஒளி அலைந்து பரவிவிடும். வாணியம்பாடிக்கு வந்து போனால் எனக்குத் தூக்கமே இருக்காது. தூங்காமல் இரண்டாம் இரவு உட்கார்ந்தால் பிழை நேரும். ஆலங்காயம் வரைக்கும் என்றால் ஒரு மணி நேரம் வந்து போக முடியும் என்று நினைக்கிறேன்.

குமரன் சித்தப்பா, 7:50
அப்படியானால் படையலை நம் தோப்பு வீட்டில் வைத்துக்கொள்வோம்.

ரேவதி அத்தை, 7:51
நம் தோப்பு.

குமரன் சித்தப்பா, 7:52
ஆமாம் அக்கா, நம் தோப்புதான். பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் அம்மா வைத்த தென்னைகள் அங்கேதான் நிற்கின்றன.

அப்பா, 7:58
குமரா, தோப்பைப் பிரித்ததைப் பற்றி இந்தக் குழுவில் பேசுவதில்லை என்று முன்பே முடிவு செய்திருக்கிறோம். அம்மா கண்ணை மூடியது வாணியம்பாடி வீட்டில். அந்த விளக்கை விட்டுவிட்டு வேறிடத்தில் படைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. கயலுக்காக யோசிக்கிறேன், உடனே சரி என்று சொல்ல முடியாது.

ரேவதி அத்தை, 8:04
அம்மா பிறந்து வளர்ந்த ஊர் ஆலங்காயம், அண்ணா. குமரன்மீது எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. கயல் ஒரு மணி நேரமாவது வந்து நிற்பாள் என்றால், நான் தோப்பு வீட்டுக்கு வரத் தயார்.

கயல்விழி, 8:11
நன்றி, அத்தை. தோப்பு என்றதும் ஒன்று கேட்க வேண்டும், சித்தப்பா. போன முறை வந்தபோது வாசலில் மூன்று பெரிய எல்.இ.டி. விளக்குகள் மேல்நோக்கிச் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டு விளக்கும் தனித்தனியே சிறிதாகத் தெரியலாம். ஆனால் அடிவாரத்து ஊர்களின் வெளிச்சமெல்லாம் சேர்ந்து மலைக்கு மேலே வானத்தை வெளுக்கச் செய்கிறது. எங்கள் விண்மீன்களைவிட அந்த வெளுப்பு பெரிதாகிவிட்டால், இவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தும் பயனில்லை. அந்த மூன்று இரவுகளாவது அணைத்து வைக்க முடியுமா?

குமரன் சித்தப்பா, 8:14
காட்டுப்பன்றி வருகிறதே, கயல். கிழங்கு முழுவதும் போய்விடும்.

கயல்விழி, 8:18
அப்படியானால் அணைக்க வேண்டாம், சித்தப்பா. தரையை மட்டும் பார்க்கும்படி திருப்பி, மேலே ஒரு தகரத் தடுப்பு வைத்தால் போதும். வெளிச்சம் முழுவதும் கிழங்கின் மீதே விழும். உங்களுக்கும் இப்போதைவிட நன்றாகத் தெரியும்.

குமரன் சித்தப்பா, 8:19
அதைச் செய்துவிடலாம். மின்பணியாளர் பொங்கலுக்கு முன் வந்தால் சரி.

தாத்தா, 8:25
நம் பிள்ளைக்காக மட்டுமன்று, அதை நிரந்தரமாகவே செய்துவிடு, குமரா. 1988இல் அந்த மலையிலிருந்துதான் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்குக் கணித மேதை இராமானுஜன் பெயரை வைத்தார்கள். அப்படிப்பட்ட வானம் நம் தலைக்கு மேலே இருக்கிறது. அதைக் காப்பதில் நம் வீட்டுக்கும் பங்குண்டு.

ரேவதி அத்தை, 8:27
இரண்டு பெண் பிள்ளைகள் இராத்திரியில் தனியாக அந்தக் காட்டுக்குள்ளே இருப்பார்களா?

கயல்விழி, 8:33
தனியாக இல்லை, அத்தை. தொலைநோக்கியை இயக்கும் பணியாளர்கள் இரவு முழுவதும் உடனிருப்பார்கள். தங்குவதற்கு விருந்தினர் விடுதி இருக்கிறது. வண்டி பற்றி ஒரே வேண்டுகோள்: எந்த நாளானாலும் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். இரவில் முகப்பு விளக்கோடு எந்த வண்டியும் குவிமாடத்தின் பக்கம் வரக் கூடாது.

நவீன், 8:35
அக்கா, மேகம் வந்தால்?

கயல்விழி, 8:37
மேகம் வந்தாலும் ஈரப்பதம் ஏறினாலும் குவிமாடத்தை மூடிவிட்டுக் காத்திருப்போம். இழந்த இரவு திரும்பக் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் இரவுகளைக் கேட்டிருக்கிறோம், நல்லதை நம்புவோம்.

அம்மா, 8:40
கம்பளிப் போர்வையும் பெரிய வெந்நீர்க் குடுவையும் எடுத்து வைக்கிறேன். உடன் வரும் அந்தப் பெண் என்ன சாப்பிடுவாள் என்று கேட்டுச் சொல்.

அப்பா, 8:52
16ஆம் தேதி காலை ஏழு மணிக்கு நானும் வண்டியில் வந்து கயலை விட்டுவிட்டு வருகிறேன். போகும் வழியில் தோப்பு வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம், குமரா. படையலை எங்கே வைப்பது என்பதை அப்பா சொல்லட்டும்.

தாத்தா, 9:01
இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன்.

குமரன் சித்தப்பா, 9:03
சனிக்கிழமை திறந்திருக்குமா என்று நாளை நேரில் போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன். ரேவதி அக்கா, நீங்கள் எத்தனை பேர்?

ரேவதி அத்தை, 9:05
இவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.