பார்க்னா ஊஞ்சலும் சறுக்கும் மட்டும்தானா? சென்னைல பசங்களுக்கு மரம், பறவை, பூச்சி பழக்க எங்க கூட்டிட்டு போலாம்?

பெரம்பூர்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு நாலாவது, பையன் ஒண்ணாவது. சாயங்காலம் ஆனா வீட்டுப் பக்கத்துல இருக்கற கார்ப்பரேஷன் பார்க்குக்கு கூட்டிட்டு போயிடுவேன். ஊஞ்சல், சறுக்கு, ஓப்பன் ஜிம், சுத்தி வாக்கிங் போறவங்க, அவ்ளோதான். பசங்க நல்லா ஓடியாடறாங்க, அதுல குறை இல்ல. ஆனா பொண்ணோட ஈவிஎஸ் (சுற்றுச்சூழல் பாடம்) புக்ல மரம் படம் போட்டு பேர் எழுத சொல்றாங்க, கடகடன்னு எழுதிடறா, அதே புங்க மரம் தலைக்கு மேல நிக்குது, இது என்ன மரம்னு கேட்டா முழிக்கறா. எனக்கும் வேம்பு அரசு தாண்டி சொல்லத் தெரியாது. விளையாடவும் செய்யணும், கொஞ்சம் தெரிஞ்சுக்கவும் செய்யணும், அந்த மாதிரி பார்க் எது? கிண்டி எல்லா வாரமும் முடியாது. இல்ல எங்க சின்ன பார்க்லயே ஏதாவது செய்யலாமா? அங்க புல்லுல கால் வெச்சாலே வாட்ச்மேன் விசில் அடிக்கறார்.

மரநிழல்:
சிஸ்டர், கிண்டி கண்டிப்பா ஒரு தடவ போங்க. ஊருக்கு நடுவுல 2.7 சதுர கிலோமீட்டர் காடு, 1978ல தேசியப் பூங்கா ஆக்கினாங்க. நாம போய் பாக்கறது சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும்தான், செவ்வாய்க்கிழமை லீவு. அங்க வெளிமான காட்டுங்க, ஆண் கருப்பு, பெண் பழுப்பு, பசங்களே வித்தியாசம் கண்டுபுடிச்சிருவாங்க.

ஆனா என்னைக் கேட்டா நீங்க தினம் போற அந்த சின்ன பார்க்தான் பெருசு. வருஷத்துக்கு ஒரு தடவ பாத்தா மான் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். ஒரே மரத்த வருஷம் முழுக்க பாத்தாதான் அது என்ன பண்ணுதுன்னு தெரியும். உங்க புங்க மரத்தயே எடுத்துக்கோங்க, பிப்ரவரி மார்ச்ல இலைய கொட்டிட்டு உடனே பளபளன்னு புது தளிர் விடும், வெயில் ஏறுனதும் பூ பூத்து கீழ தரையெல்லாம் வெள்ளையும் இளஞ்சிவப்புமா கொட்டிக் கிடக்கும். இலைய திருப்பிப் பாருங்க, சின்ன சின்ன கொப்புளமா இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் பண்ற வேலை அது, மரத்துக்கு பெருசா ஒண்ணும் ஆகாது. அப்புறம் பார்க்ல தூங்குமூஞ்சி மரம் இருக்கான்னு பாருங்க, சென்னைல இல்லாத ஏரியா இல்ல. நாலரைக்கு இலைய பாக்க சொல்லுங்க, கிளம்பறப்போ ஆறரைக்கு திரும்ப பாக்க சொல்லுங்க, எல்லாம் மடங்கி இருக்கும். அது நம்ம ஊர் மரமே இல்ல, அமெரிக்கா கண்டத்துலேந்து வந்தது, அதையும் சொல்லுங்க.

ஆறாம்_வகுப்பு_டீச்சர்:
நான் அரசுப் பள்ளி டீச்சர். மேல சொன்னது நூத்துக்கு நூறு சரி. எங்க பசங்கள பக்கத்து பார்க்குக்கு கூட்டிட்டு போறப்போ நான் பேர் சொல்லித் தர்றதுலேந்து ஆரம்பிக்க மாட்டேன். ஒரு எருக்கஞ்செடி முன்னாடி நிறுத்திட்டு இலைக்கு அடில பாருங்கடான்னு சொல்லிட்டு சும்மா இருப்பேன். யாராவது ஒருத்தன் கத்துவான், மிஸ் புழு! கருப்பு வெள்ளை வரி, நடுவுல மஞ்சள் புள்ளி, முதுகுல மூணு ஜோடி கருப்பு கொம்பு மாதிரி. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழு அது. எருக்கம்பால்ல விஷம் இருக்கு, அத தின்னே வளருது, அந்த விஷம் உடம்புல இருக்கறதால பறவை அத தொடாது. ஏன் மிஸ் அதுக்கு ஒண்ணும் ஆகலன்னு ஒரு பொண்ணு கேட்டா பாருங்க, அந்தக் கேள்வி புக்லேந்து வராது. எருக்கம்பால் கண்ணுல படாம பாத்துக்கோங்க, அது மட்டும் ரொம்ப முக்கியம்.

மேடம் முடிஞ்சா தொல்காப்பியப் பூங்காவும் போயிட்டு வாங்க, அடையாறு பூங்கான்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். 58 ஏக்கர், கட்டட இடிபாடும் குப்பையும் சாக்கடையுமா இருந்த முகத்துவாரப் பகுதிய சுத்தம் பண்ணி, உப்புத்தண்ணில வளர்ற அலையாத்தியும் நம்ம ஊர் மரமும் வெச்சு 2011ல திறந்தாங்க. கெட்டுப்போன இடத்த திரும்பக் கொண்டு வர முடியும்னு பசங்க கண்ணால பாக்கலாம். நேரம், அனுமதி எல்லாம் விசாரிச்சிட்டு போங்க. அப்புறம் ஜனவரில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், யார் வேணா கலந்துக்கலாம், ஒரு இடத்துல கால் மணி நேரம் நின்னு பாத்த பறவைய இபேர்ட்ங்கற (eBird) பறவைப் பதிவு தளத்துல ஏத்தணும். காக்கா, மைனா, கிளி, செம்போத்து, எது இருந்தாலும் அது கணக்குதான்.

வியாசர்பாடிக்காரன்:
எல்லாரும் நல்லா சொல்றீங்க, ஆனா ஒண்ணு சொல்லணும். பார்க்க இன்னொரு கிளாஸ்ரூம் ஆக்கிடாதீங்கக்கா. பசங்க முதல்ல ஆடட்டும், மண்ணுல பொரளட்டும். பகல் வெளிச்சத்துல வெளிய நேரம் செலவு பண்ற பசங்களுக்கு கிட்டப்பார்வை வர்ற வாய்ப்பு குறையுதுன்னு ஆராய்ச்சியே சொல்லுது, அதுக்காகவாவது பார்க் திறந்திருக்கணும். எங்க ஏரியா பார்க் பகல்ல பூட்டிக் கிடக்கும், லீவு நாள்ல பசங்க கேட் ஏறி குதிக்கறாங்க, அப்புறம் அவங்களையே திட்டறாங்க.

வட சென்னைக்கு பார்க்கே கம்மி. சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்னு ஒண்ணு இருந்துச்சு தெரியுமா? 1859ல ட்ரெவெல்யன் கவர்னரா இருந்தப்போ வந்தது, 116 ஏக்கர், மிருகக்காட்சி சாலையே அங்கதான் இருந்துச்சு, அது 1985ல வண்டலூர் போச்சு. ரிப்பன் பில்டிங், விக்டோரியா ஹால், நேரு ஸ்டேடியம்னு கொஞ்சம் கொஞ்சமா இடம் போய் இன்னிக்கு மை லேடீஸ் பார்க்தான் மிச்சம். இருக்கற சின்ன பார்க்லயும் பேவர் பிளாக்க போட்டு மூடிடறாங்க, மழைத்தண்ணி எங்க இறங்கும்? மாநகராட்சியே இப்ப சில பார்க்ல பள்ளம் வெட்டி மழைநீர் தேங்கி மண்ணுக்குள்ள போற மாதிரி ஸ்பாஞ்ச் பார்க் பண்றாங்க, அது நல்ல வேலை. ஐப்பசி மழைல பசங்கள அங்க கூட்டிட்டு போங்க, ரெண்டு நாள் கழிச்சு திரும்ப கூட்டிட்டு போங்க, தண்ணி எங்க போச்சுன்னு அவங்களே கேப்பாங்க.

பெரம்பூர்_அம்மா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். தம்பி நீங்க சொன்னது புரியுது, பாடம் எடுக்க மாட்டேன். டீச்சர், எங்க பார்க்ல எருக்கு இல்ல, களைன்னு புடுங்கிடறாங்க. கொட்டுன இலையவும் அன்னன்னிக்கே கூட்டி மூட்டை கட்டிடறாங்க. இத யார்கிட்ட பேசறது?

ஆறாம்_வகுப்பு_டீச்சர்:
எருக்கு ரயில்வே லைன் ஓரம், காலி மனைல எல்லாம் தானா வளரும், அங்கயே பாத்துக்கலாம். இல்லன்னா வீட்ல தொட்டில ஒரு கறிவேப்பிலை வைங்க, அதுக்கு வேற பட்டாம்பூச்சி வந்து முட்டை போடும். இலை விஷயம், முதல்ல தோட்டக்காரர்கிட்ட நேர்ல பேசுங்க மேடம், எங்க ஊர்ல அவர்தான் ஒரு மூலைய ஒதுக்கி குழி வெட்டி இலைய அங்க போட ஆரம்பிச்சார், பசங்க வாரா வாரம் போய் கிளறி மண்புழு பாக்கறாங்க. பார்க்க பகல்ல திறக்க, பேவர் பிளாக் வேணாம்னு சொல்ல, நாலஞ்சு வீட்டுக்காரங்க கையெழுத்து போட்டு கவுன்சிலர்கிட்ட மனு குடுங்க, மாநகராட்சி புகார் எண் 1913க்கும் போன் பண்ணி புகார் பதிவு பண்ணி நம்பர் வாங்கி வெச்சுக்கோங்க. வாட்ச்மேன்கிட்டயும் பொண்ண விட்டே பேச சொல்லுங்க.