தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு மண் ஆந்தை

மாயவரம் பக்கம் எங்கள் ஊர்ப் பூங்காவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. போன தை மாதம் அதில் சுடுமண் உருவங்களை மாட்டினார்கள். கிளி, ஆந்தை, பல்லி, மாவிலை. பிள்ளைகளுக்கான வேடிக்கை என்று நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் சும்மா ஆந்தையின் வயிற்றைச் சுண்டினேன். ணங்கென்றது. பக்கத்துக் கிளி டொப்பென்றது. சந்தையில் எங்கள் ஆயா இப்படித்தான் சட்டி வாங்கும். விரிசல் இருந்தாலும் வேக்காடு போதாவிட்டாலும் சத்தம் செத்துவிடும். ஐப்பசி மழையில் கிளியின் மூக்கு உதிர்ந்தே போயிற்று. ஆந்தையோ பாசி பிடித்து, மரப்பட்டையோடு பட்டையாகிவிட்டது. புதுச்சேரியில் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையில் செய்கிற ஸ்டோன்வேர் வகை மட்பாண்டம் என்றால் பாசி இவ்வளவு சீக்கிரம் ஏறாது. அது 1200 டிகிரிக்கு மேல் வெந்து இறுகியது. நம் சூளை மண் தண்ணீர் குடிக்கும். எனக்கென்னவோ பாசி ஆந்தைதான் பிடித்திருக்கிறது.

கோபம் வந்தது ஆணியைப் பார்த்துத்தான். கிளிக்கு ஆணி, பல்லிக்குக் கம்பி. மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கும். இலை ஆக்கிய சாப்பாடு வேருக்குப் போகும் வழியே பட்டையில்தான் இருக்கிறது. உருவங்களைச் செய்த வேளார் ஒரு நாள் வந்தார். "மரத்துலயா ஆணி அடிச்சாங்க தம்பி?" என்றவர், வேறு யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் கழற்றித் தேங்காய்நார்க் கயிற்றில் தளர்வாகக் கட்டினார். கயிறு இற்றால் வேறு கட்டிக்கொள்ளலாமாம்.

அப்புறம் ஒரு சந்தேகம். ஆந்தையின் அடியில் விரல் நுழைகிற ஓட்டை ஒன்று இருக்கிறது. அதில் குளவி மண் கூடு கட்டிவிட்டது. ஓட்டை எதற்கு?

வாசகர் ஒருவரின் பதில்:
எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். அய்யனார் குதிரைக்கும் அந்த ஓட்டை உண்டு. உள்ளே கூடாக வனைவதால் சூளையில் ஆவி வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயலில் ஆலமரம் சாய்ந்து குதிரையின் தலை போய்விட்டது. உடைந்ததை ஒட்டுகிற வழக்கம் இங்கே இல்லை. தலையில்லாமலே நிற்கிறது. உங்கள் குளவி மாதிரி, இதன் கழுத்துக்குள் மைனா குடியிருக்கிறது.