குடியாத்தத்தில் பகுதி நேர நிருபர் வேலை: தினமும் என்ன செய்யணும், எங்கே சறுக்கும்?

மோர்தானா:
குடியாத்தம் தாலுகாவுக்குப் பகுதி நேர நிருபரா வரச் சொல்லி ஒரு நாளிதழ்ல கேட்டிருக்காங்க. ஓரளவு எழுத வரும். செய்தி எத்தனை மணிக்குள்ள போகணும், போலீஸ் ஸ்டேஷன் செய்தியை எப்படி எடுக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டெஸ்க் பக்கம்:
மாவட்டப் பக்கம்தான் முதல்ல முடியும் தம்பி. நேரம் பேப்பருக்குப் பேப்பர் மாறும். திறப்பு விழா, ஆர்ப்பாட்டம் மாதிரி செய்தியை மாலை 5-க்குள்ள தள்ளிடு. ராத்திரி விபத்துன்னா முதல்ல போன்ல நாலு வரி சொல்லு, இடம் ஒதுக்கி வைப்பாங்க.

திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்வுக் கூட்டம். மனு எண்ணிக்கையை பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) குறிப்பே தந்துடும். உன் தாலுகா ஆள் என்ன மனு கொடுத்தார்னு பிடிக்கிறதுதான் உன் வேலை.

மழை அளவில் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. காலை 8.30 வரையான 24 மணி நேரக் கணக்கு அது. திங்கள் ராத்திரி மழை செவ்வாய் காலையில் அளந்து புதன் பேப்பர்ல வரும். அதை ‘நேற்று பெய்த மழை’ன்னு எழுதினா தப்பு. கிழமையைப் போட்டுடு.

போட்டோவை வாட்ஸ்அப்ல டாக்குமென்டா அனுப்பு. நாலு குரூப் சுத்தி வந்த படம் அச்சில் அப்பிப்போகும். படத்தில் இருக்கிறவங்க பேரை இடமிருந்து வலமா, பதவியோட, அங்கேயே எழுதி வாங்கு.

அடுக்கம்பாறை ரூட்:
ஸ்டேஷன் செய்திக்கு நான் சொல்றேன். இன்ஸ்பெக்டர் வாய்மொழியா சொன்னதை மட்டும் நம்பாதீங்க. எஃப்.ஐ.ஆர். பாருங்க. 2016 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 24 மணி நேரத்தில் காவல்துறை இணையதளத்தில் ஏத்தணும். பாலியல் வழக்கு, போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கிற சட்டம்) வழக்கு ஏறாது. பேரு, வயசு, தகப்பனார் பேரு, ஊரு நாலையும் சரிபாருங்க. ஒரே ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்து, வயசு தப்பினா, காலையில் வாசல்ல ஆள் நிக்கும்.

1.7.2024-க்குப் பிறகு புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்ததால பிரிவு எண்களும் மாறிடுச்சு. சந்தேக மரணத்துக்குப் பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தோட 174, இப்போ அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். 194. விபத்து மரணத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ போய், அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ். 106. பழைய ஆளுங்க வாயில் இன்னும் பழைய எண்தான் வரும்.

நம்ம பக்கத்துச் சிக்கல் ஒண்ணு. ராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜா கிட்ட ஹைவேயில் அடிபட்டவர், வேலூர் மாவட்டத்து அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் இறப்பார். வழக்கு விபத்து நடந்த ஸ்டேஷன்லதான். 2019-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டமானதால, இந்த மாவட்ட நிருபர் போடுவார்னு அந்த மாவட்டத்தவர், அவர் போடுவார்னு இவர் இருந்து செய்தியே விட்டுப்போகும். இல்லைன்னா ரெண்டு பக்கத்திலயும் வரும். பக்கத்து நிருபருக்கு ஒரு போன் போட்டுடுங்க. திருப்பத்தூர்னு எழுதும்போது மாவட்டமும் சேருங்க, சிவகங்கையிலும் ஒரு திருப்பத்தூர் இருக்கு.

போக்சோ பிரிவு 23: குழந்தையின் பேரு, படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதுவும் கூடாது. பேரை மட்டும் எடுத்துட்டு, சின்னக் கிராமத்தோட பேரையும் அப்பா தொழிலையும் போட்டா ஊருக்கே தெரிஞ்சுடும். அதுவும் அடையாளம் காட்டினதுதான். 6 மாசம் முதல் 1 வருஷம் வரை சிறையோ, அபராதமோ, ரெண்டுமோ விழும்.

மோர்தானா:
நன்றி அண்ணா. சம்பளம், விளம்பரம் எப்படி?

டெஸ்க் பக்கம்:
பல இடத்தில் மாதச் சம்பளம் இல்லை. வந்த செய்திக்கு இவ்வளவுன்னு கணக்கு, கூடவே விளம்பரக் கமிஷன். முதல் நாளே எழுத்தில் வாங்கிடு. விளம்பரம் காலம் (பேப்பர் பக்கத்தோட ஒரு பத்தி, column) சென்டிமீட்டர் கணக்கு: 2 காலம் அகலம், 10 செ.மீ. உயரம்னா 20. பணம் கைக்கு வராம விளம்பரம் அனுப்பாதே, பாக்கி உன் கணக்கிலதான் ஏறும். விளம்பரம் தர்றவரே செய்தியில் மாட்டுவார். அப்போ செய்தியை ஆபீஸுக்கு அனுப்பிடு, நிறுத்தறதா போடறதான்னு நீ முடிவு பண்ணாதே.

அடுக்கம்பாறை ரூட்:
பொங்கலுக்குள்ள சேர்ந்துட்டா எருது விடும் விழா (காளையை ஓடவிட்டு நேரம் பார்க்கிறது) வரிசையா வரும். ஓடின காளை எத்தனை, முதல் பரிசுக் காளை எத்தனை விநாடி, புள்ளிக்குப் பின்னால இருக்கிற எண்ணோட குறிச்சுக்கோங்க. காயம்பட்டவங்க எண்ணிக்கையை விழாக் குழுகிட்ட கேக்காதீங்க, அங்கே இருக்கிற மருத்துவக் குழுகிட்ட கேளுங்க.