ஒரே பிசிஐஇ பாரை இரு வகையாக மேப் செய்வது பற்றி

நாங்களே வடிவமைத்த எஃப்பிஜிஏ (மறுநிரலாக்கச் சில்லு) பிசிஐஇ அட்டையின் 1 எம்பி பாரை (BAR, அட்டையின் நினைவகமும் பதிவேடுகளும் கணினிக்குத் தெரியும் முகவரிப் பகுதி) எம்மேப் (mmap, அதை நிரலின் முகவரிகளில் பொருத்தும் அழைப்பு) வழியாகப் பயனர் நிரலுக்குத் தரும் லினக்ஸ் 6.1 டிரைவர், எக்ஸ்86 கணினியில் குறையின்றி ஓடினாலும், ஆர்ம் கார்டெக்ஸ் ஏ72 பலகையில் மெம்காபி (memcpy, நினைவகத்தை நகலெடுக்கும் செயற்கூறு) தொடங்கியதும் பஸ் பிழையுடன் நின்றுவிடுகிறது. பத்து நாட்களாக இதே நிலைதான்.

ஆர்மில் டிவைஸ் வகை நினைவகம் சீரமையாத (அணுகும் அளவின் மடங்கல்லாத முகவரியில் தொடங்கும்) அணுகலை ஏற்காது என்பதை அறிவேன். மேப்புக்கு டிவைஸ் வகையைத் தரும் பிஜிபிராட்_நான்கேச்டுக்குப் (pgprot_noncached) பதிலாக, எழுதுபவற்றைச் சேர்த்தனுப்ப விடும் பிஜிபிராட்_ரைட்கம்பைன் (pgprot_writecombine) இட்டபோது பிழை மறைந்தது. ஆனால் முதல் 4 கேபியிலுள்ள கட்டுப்பாட்டுப் பதிவேடுகளில் எழுதுபவை வரிசை மாறிப் போய்ச் சேர்கின்றன. மெம்காபியைத் தவிர்த்து, 32 பிட் சொற்களாக நானே நகலெடுத்தும் பார்த்தேன். தரவு சரியாக வந்தது, வேகம்தான் படுமோசம்.

ஒரே விஎம்ஏவுக்குள் (VMA, ஓர் எம்மேப் உருவாக்கும் முகவரிப் பகுதி) பக்கங்களைப் பொருத்தும் ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்சை (remap_pfn_range) இருமுறை அழைத்து, முதல் பக்கத்துக்கு நான்கேச்டும் மீதிக்கு ரைட்கம்பைனும் கொடுப்பது பாதுகாப்பானதா, அல்லது இரண்டு தனி எம்மேப்களாகத்தான் பிரிக்க வேண்டுமா?