வலது பக்கம் வராத அப்பாவை வீல்சேருக்கு மாத்துறது எப்படி?

ஆத்தங்கரை:
அப்பாவுக்கு 71 வயசு. பக்கவாதம் வந்து ஆறு வாரம். வலது கை சுத்தமா வரலை, வலது கால்ல கொஞ்சம் பலம் இருக்கு. சொல்றது புரியுது. அவர் 74 கிலோ, நான் 51. அம்மாவுக்கு முட்டுவலி, அதனால நான் மட்டும்தான். அவர் கையை என் கழுத்துல போட்டுக்கிட்டு, கக்கத்துல கை கொடுத்துத் தூக்கிடுறேன். நேத்து அவர் கட்டியிருந்த சாரம் கால்ல சிக்கி ரெண்டு பேரும் கட்டில்லயே விழுந்துட்டோம். எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு; அவருக்கு வலது தோளைத் தொட்டாலே வலி. கட்டில் சுவரோரம் கெடக்கு, அவரோட இடது கைப் பக்கமாத்தான் இறங்க முடியும்.

பிசியோ அண்ணாச்சி:
முதல்ல தோள். பக்கவாதத்துல தோள் மூட்டைப் பிடிச்சிருக்கிற தசை தளர்ந்து போகும். கக்கத்துல தூக்கினாலோ கையை இழுத்தாலோ மூட்டு இறங்கிரும். அந்த வலியை டாக்டர்கிட்ட நேர்ல காட்டிருங்க. கழுத்தும் வேண்டாம்மா, அவர் சறுக்கினா மொத்த எடையும் உங்க கழுத்துலதான்.

நீங்க தூக்கக் கூடாது, அவர் எந்திரிக்கணும். வீல்சேரை அவரோட நல்ல பக்கம், அதாவது இடது பக்கம், கட்டிலை ஒட்டிச் சாய்வாப் போடுங்க. ரெண்டு பிரேக்கையும் போட்டு, கால் மிதியைத் தூக்கி விட்டுருங்க. இடது பக்கம் ஒருக்களிச்சு, முழங்கையை ஊன்றி உட்கார வைங்க. உடனே நிக்க வைக்காதீங்க. நாள்கணக்கில் படுத்திருந்தவருக்குச் சட்டுனு பிரஷர் இறங்கும். ரெண்டு மூணு நிமிஷம் உட்காரட்டும். தலை சுத்துது, கண்ணு இருட்டுதுன்னா திரும்பப் படுக்க வச்சிருங்க.

பிறகு விளிம்புக்கு நகர்ந்து, பாதம் ரெண்டும் தரையில பதியணும், குதிகால் முட்டுக்குக் கொஞ்சம் பின்னால. சர்ஜிக்கல் கடையில கெய்ட் பெல்ட்னு கேட்டு வாங்கி இடுப்புல கட்டி, அதைப் பிடிங்க. அவரோட வலது முட்டு மடங்காம உங்க முட்டால அணை கொடுங்க. மூக்கு கால்விரலுக்கு நேரா வர்ற அளவுக்குக் குனியச் சொல்லி, “ஒண்ணு, ரெண்டு, மூணு”ன்னு எண்ணி எழுப்புங்க. திரும்பும்போது இடுப்பை முறுக்காம பாதத்தை எடுத்து வைங்க. அவர் காலோட பின்பக்கம் சேர் தட்டின பிறகு, இடது கையால கைப்பிடியைப் பிடிச்சு அவரே உட்காரணும்.

சாரத்துக்குப் பதில் அரைக்கால் சட்டை போடுங்க. வழுக்குற சாக்ஸும் ஆகாது.

மூணு வருஷ அனுபவம்:
சேர்ல இருந்து திரும்பக் கட்டில்ல படுக்க வைக்கிறதுலதான் நான் ஏமாந்தேன். என் வீட்டுக்காரருக்கும் வலது பக்கம்தான். சேர் அதே இடத்துல இருந்தா, வரும்போது கட்டில் அவங்களோட பலமில்லாத பக்கம் வந்துரும். எங்க வீட்டுல இறங்கும்போது சேர் தலைமாட்டுப் பக்கம், ஏறும்போது கால்மாட்டுப் பக்கம், தலைமாட்டைப் பார்த்து. உங்க கட்டிலுக்கும் அதேதான்.

ஆத்தங்கரை:
நாலு நாள் ஆச்சு அண்ணாச்சி. கட்டில் ரொம்பத் தாழ்வு, முட்டு இடுப்புக்கு மேல நின்னுது. ஆசாரி குழி வெட்டின மரக்கட்டை நாலு செஞ்சு கால்ல மாட்டிக் கொடுத்தார். இப்ப அப்பாவே “ஒண்ணு, ரெண்டு” எண்ணுறார், மூணு சொல்றதுக்குள்ள எந்திரிக்கப் பார்க்கார்! நடுவுல கால் மடங்கினா என்ன செய்ய?

பிசியோ அண்ணாச்சி:
நிறுத்திப் பிடிக்கப் போராடாதீங்க. பெல்ட்டை விடாம, உங்க முட்டை மடக்கி, அவரை உங்க தொடை மேல சறுக்க விட்டு மெதுவாத் தரையில உட்கார வைங்க. தலை மோதாமப் பார்த்துக்கோங்க. அடி எதுவும் இல்லைன்னு பார்த்த பிறகு, தனியாத் தூக்காம பக்கத்து வீட்டுல ரெண்டு பேரைக் கூப்பிடுங்க. மூணு சொன்ன பிறகுதான் எந்திரிக்கணும்னு அப்பாகிட்ட நான் சொன்னதா சொல்லுங்க.